பக்கத்து சீட்டில் ஒரு தேங்காய்

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு தேங்காய்க்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். வேறு வழியில்லை. பட்டர்வொர்த்தில், சிவப்பு நிறத்தில், இரண்டே இரண்டு சீட் வைத்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்க்கிறேன். பக்கத்து சீட்டில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வாங்கிய என் மளிகைப் பை — ஐந்து கிலோ அரிசி, பருப்பு, ஒரு தயிர் டப்பா, ஒரு தேங்காய். கிளம்பி இருபது அடி போவதற்குள் கார் 'டிங்... டிங்... டிங்' என்று கத்த ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் பெல்ட் போடவில்லை என்று அதற்கு நினைப்பு. பையைப் பின்னால் வைக்கலாம் என்றால், அந்தக் காரில் பின்னால் என்று ஒன்றே கிடையாது. ஓரமாக நிறுத்தி, பெல்ட்டை இழுத்து, பையின் மேலே போட்டு மாட்டினேன். சத்தம் நின்றது.

கொஞ்ச தூரம் போனதும் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஏசி போதுமா?" என்று கேட்டேன்.

யாரிடம்? அந்தப் பையிடம்தான்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் கார் தெரியும். ஏழு பேர் உட்காரும் வண்டி. பதினோரு வருஷப் பழசு. அதைப் பற்றி ஒரு வாரம் இங்கே புலம்பியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிபோங் திபாலில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'ஐயா, கையைக் கடிக்காத விலையில் ஒரு கூப்பே வாங்க ஆசைப்படுகிறேன். வேகம், வளைவில் பிடிமானம், கொடுக்கிற காசுக்கு மதிப்பு — மூன்றிலும் எது தேறும்?'

கூப்பே என்றால் இரண்டே கதவு வைத்த, கூரை தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார். இளவட்டங்களின் சமாச்சாரம். எனக்கு வயது அறுபத்திரண்டு. உள்ளே இறங்கினால் வெளியே ஏறுவதற்கு ஒரு கை பிடிமானம் தேவைப்படுகிற வயது.

ஆனால் நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவன். ஒரு பொருளைக் காட்டி 'நல்லதா, மோசமா?' என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பினாங்குப் பாலம் தாண்டி, பட்டர்வொர்த்தில் பாகான் டாலாம் பக்கம் இருக்கிற ஒரு பழைய கார் கடைக்குப் போனேன். என் நல்ல நேரம், அங்கே மூன்று கூப்பே நின்றன. கம்பெனிப் பெயர்களைப் போட்டால் ஆசிரியர் வெட்டிவிடுவார். வெள்ளை, நீலம், சிவப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

கடையில் விற்பனையைக் கவனிக்கும் பெண்மணியின் பெயர் சரோ. ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அட்டை, காலில் கேன்வாஸ் ஷூ, கையில் எப்போதும் ஒரு ஈரத்துணி. பேசிக்கொண்டே ஏதாவது ஒரு காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊர்ப் பேச்சில் கார் என்றால் காடி.

"வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா? காடி யாருக்கு, மகனுக்கா?"

"எனக்குத்தான்."

சரோ என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வெள்ளைக் காரின் சாவியை எடுத்து வந்தார்.

சரி, வெள்ளையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பின் சக்கரங்கள் தள்ளுகிற வண்டி. டர்போ கிடையாது. கியரை நாமேதான் மாற்ற வேண்டும். காலை பதினோரு மணிக்கு பிறை தொழிற்பேட்டைச் சாலையில் கூட்டம் இருக்காது. இரண்டாவது கியரில் ஒரு மிதி மிதித்தேன். என்ஜின் சத்தம் சீட்டின் வழியாக முதுகில் ஏறியது. முழுச் சக்தியும் வெளியே வர வேண்டுமென்றால் என்ஜினை நன்றாக முறுக்க வேண்டியிருக்கிறது, சோம்பேறிகளுக்கு ஒத்துவராது. ஆனால் ரவுண்டபவுட்டில் அதன் குணம் தெரிந்தது. ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை திருப்பினால் போதும், கார் நாம் நினைத்த இடத்தில் இருக்கிறது. பின் சீட்டும் உண்டு, பெயருக்கு. அதில் ஒரு பூனை உட்காரலாம், அதுவும் அது சம்மதித்தால்.

அடுத்தது நீலம். டர்போ, ஆட்டோமேட்டிக். மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிறது. பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி பாய்கிறது. நேர்ச் சாலையில் மூன்றில் இதுதான் ராஜா. ஆனால் நம் பினாங்கில் நேர்ச் சாலை எங்கே இருக்கிறது? இருந்தாலும் அதில் ஜாம் இல்லாத நேரம் எப்போது? வளைவுக்கு வந்தால் மூக்கு கனத்து வெளியே வெளியே இழுக்கிறது. உள்ளே வசதி அதிகம், சாமான் வைக்கிற பூட் பெரிது. ஆனால் வெளிநாட்டில் ஓடி வந்த ரீகண்ட் வண்டி. ஒரு சின்ன சாமான் போனாலும் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று சரோவே ஒப்புக்கொண்டார்.

சிவப்பு? மூன்றில் சின்னது. சக்தியும் இருப்பதிலேயே குறைவு. காகிதத்தில் எழுதி ஒப்பிட்டால் முதலில் அடிபடுவது இதுதான். ஆனால் எடை இல்லாத கார். அறுபதில் போனாலே நூறில் போகிற சந்தோஷம். வளைவுகளில் வெள்ளையைவிட ஒரு பங்கு நன்றாகத் திரும்புகிறது. எண்ணெய் அதிகம் குடிக்காது. திரும்ப விற்கும்போதும் விலை ரொம்ப இறங்காதாம். ஒரே குறை, தாழ்ந்த வண்டி. எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கார்ப் பார்க் சரிவில் வயிறு இடிக்குமோ என்று ஒரு பயம் இருக்கிறது.

"செவப்பு புடிக்கலன்னா சொல்லுங்கண்ணே. இதே காடி சாம்பல் கலர்ல ஒண்ணு வருது," என்றார் சரோ.

ஆக, நிபோங் திபால் வாசகரே... நேர்ச் சாலையில் பறக்க வேண்டுமென்றால் நீலம், கையில் கியர் வேண்டுமென்றால் வெள்ளை, மொத்தத்தில் காசுக்கு மதிப்பு சிவப்பு. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடுகிற விஷயம்.

நான் மூன்று வாரத்தில் ஏழு முறை போனேன்.

ஏன்? அதைச் சொல்வதற்கு வீட்டுக் கதைக்கு வர வேண்டும்.

என் மனைவி புஷ்பா பெர்த்தில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம் என்று போனவள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பிறகு குழந்தைக்குச் சளி. பிறகு மகள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம். அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் வாங்குகிற சம்பளத்தில் பாதி போய்விடுமாம். நடுவில் விசாவுக்காக ஒருமுறை வந்து பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டது.

என்னைப் போன்றவர்கள் இந்தத் தீவில் நிறைய பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு வரிசையிலும் ஒருவர் இருப்பார், பாருங்கள். மனைவி பேரப்பிள்ளை வளர்க்க மெல்பர்ன் போயிருப்பார், இவர் இங்கே ஒற்றை முட்டையைப் பொரித்துக்கொண்டிருப்பார். மனைவியை இழந்தவனிடம் ஊர் துக்கம் விசாரிக்கும். மனைவி பேரன் வளர்க்கப் போனவனிடம், "கொடுத்து வச்சவரு" என்று வாழ்த்துச் சொல்லும். நானும் பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறப்பேன். உள்ளே காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

பெர்த்துக்கும் பினாங்குக்கும் மணி வித்தியாசம் கிடையாது. இங்கே ஏழு என்றால் அங்கேயும் ஏழு. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ போன் வரும். கேமரா பேரன் பக்கம்தான் இருக்கும். அவன் உருளுவான், தவழுவான், இப்போது நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். திரையின் ஓரத்தில் அவனைப் பிடிக்கிற ஒரு கை மட்டும் வளையலோடு வந்து வந்து போகும். அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். "நீங்க சாப்ட்டீங்களா?" என்று ஒரு குரல் கேட்கும். "சாப்ட்டேன்" என்பேன். அத்தோடு முடிந்தது அன்றைய பேச்சு.

தைப்பூசத்துக்கு எங்கள் கார் நிரம்பி வழியும். புஷ்பா, அவள் தங்கைகள், மடியில் பால்குடங்கள் — தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் யார் குடம் ததும்பியது என்று ஒரு பஞ்சாயத்தே நடக்கும். இந்த வருஷம் தங்கைகள் வேறு காரில் போய்விட்டார்கள். ஏழு சீட்டில் நான் ஒருவன் போனேன். சாமி கும்பிட்டுவிட்டு வந்து காரில் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது புரிகிறதா, ஏன் ஏழு முறை என்று? ஒரு காரை ஓட்டிப் பார்க்கக் கேட்டால், இருபது நிமிஷம் ஒரு மனிதர் நம் பக்கத்தில் உட்காருவார். கடை வழக்கப்படி உட்கார வேண்டும். பேசுவார். முதலாளி தவுக்கேவுக்கு இன்று ஏன் கோபம், சம்பளம் வந்ததும் யார் யாருக்கு என்ன வாங்க வேண்டும், நேற்று வைத்த மீன் குழம்பில் புளி ஏறிப்போனது எப்படி... சரோ பேசிக்கொண்டே வருவார். நடுவில் வேகத்தடை வந்தால், "மெதுவாண்ணே, முன்னால பம்ப் இருக்கு" என்பார்.

புஷ்பாவும் இதையேதான் சொல்வாள். முப்பத்தைந்து வருஷம் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் நாள் சரோ சொன்னபோது, பம்ப் தாண்டியும் ரொம்ப தூரம் மெதுவாகவே ஓட்டினேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி போனில் ஒரு புதிய விஷயம் வந்தது. புஷ்பாவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு விசா கேட்டு விண்ணப்பிக்கப் போகிறார்கள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள விசா பாரம் அனுப்பணுமாம். நீங்க என்னங்க சொல்றீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உன் இஷ்டம்."

எங்கள் தலைமுறை ஆண்களுக்கு இது ஒரு வியாதி. 'வேண்டாம், வந்துவிடு' என்று சொல்ல வாய் வராது. சொன்னால் மகள் வருத்தப்படுவாள், மாப்பிள்ளை என்ன நினைப்பார், பேரன் பாவம், நான் என்ன சின்னப் பிள்ளையா... இத்தனையையும் மனதுக்குள் போட்டுப் புரட்டிவிட்டு, ஏதோ பெருந்தன்மை மாதிரி இரண்டு வார்த்தை. புஷ்பா, "சரி" என்றாள். பேரன் திரையில் வந்து கை தட்டினான்.

பேரன் நடக்க ஆரம்பித்ததற்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அதை வாங்கினேன். நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், பாலம் ஏறிவிட்டேன்.

அன்று கடையில் ஒரு குடும்பம் வேன் பார்க்க வந்திருந்தது. ஆறு பேர். சரோவால் நகர முடியவில்லை.

"இன்னிக்கி நீங்களே ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கண்ணே. ஒங்களுக்குத்தான் வழி தெரியுமே லா," என்று சிவப்புக் காரின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். என் ஐசி அடையாள அட்டையும் என் கார் சாவியும் அவர் மேசையில். தயிரை வெயிலில் விட மனமில்லாமல் பையைக் கையோடு எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆரம்பத்தில் சொன்னது.

ஏசி போதுமா என்று பையிடம் கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரமாக நான் ரசித்து ரசித்து ஓட்டிய கார், அன்று வெறும் கார். மிதித்தால் ஓடியது. திருப்பினால் திரும்பியது. பம்ப் வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிஷத்தில் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

வேன் குடும்பம் போயிருந்தது. சரோ துணியோடு வந்தார்.

"என்னண்ணே, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"போதும்."

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்த பை கண்ணில் பட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே."

"கேளுங்க."

"நீங்க காடி வாங்க வரல. இல்ல?"

சேமநிதிப் பணம் இருக்கிறது, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றெல்லாம் சொல்லத் தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"எப்படித் தெரிஞ்சுது?"

"வாங்க வர்றவங்க மொதல்ல குனிஞ்சு, கீழ போட்டுருக்க கால்மிதிய தூக்கி மோந்து பாப்பாங்க. வெள்ளத்துல நின்ன காடின்னா வாட அடிக்கும். இந்தப் பக்கம் எல்லாருக்கும் அந்தப் பயம் இருக்குல்ல. நீங்க ஏழு வாட்டி வந்தீங்க, ஒரு வாட்டிகூட குனியல. வந்த ஒடனே பக்கத்துக் கதவத்தான் தொறந்து விடறீங்க... எனக்கு."

முப்பது வருஷத் தரப் பரிசோதகன். வெள்ளத்தில் நின்ற காரா என்றுகூடப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது.

"ஒங்க நேரத்த வீணாக்கிட்டேன். மன்னிச்சிருங்க."

"அத விடுங்க லா. வருஷத்துல ஒருத்தர் ரெண்டு பேரு இப்படி வருவாங்க. அக்கா எப்ப வராங்க?"

இதுவரை ஒவ்வொரு முறையும் 'அடுத்த மாசம்' என்று சொல்லி வைத்திருந்தேன்.

"வர மாட்டான்னு நெனைக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் விசா கேக்கறாங்க."

"நீங்க வரச் சொன்னீங்களா?"

"அவ இஷ்டம்னு சொல்லிட்டேன்."

துடைப்பது நின்றது.

"நானும் முன்ன சிங்கப்பூர்ல வேல செஞ்சேன்... ரெண்டு வருஷம் முடிஞ்சி, திரும்பி வரட்டான்னு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவரும் இதான் சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. இவருக்கு நான் இல்லாமலே நல்லாத்தான் இருக்கு போலன்னு, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு சைன் பண்ணிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். துணியை அலச வாளிப் பக்கம் போய்விட்டார்.

கடை வாசலில், என் ஏழு சீட் காரில் ஏறி உட்கார்ந்து புஷ்பாவைக் கூப்பிட்டேன். மணி பன்னிரண்டு. அங்கேயும் பன்னிரண்டு. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னாச்சுங்க?"

முகம் தெரிந்தது. பதற்றத்தில் கேமராவைத் திருப்ப அவளுக்குத் தோன்றவில்லை. முன்நெற்றியில் நரை ஏறியிருந்தது. தலைக்கு மை போடுவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் ஆகல. ஒரு காடி பாத்தேன்."

"காடியா?"

"ஸ்போர்ட்ஸ் காடி. ரெண்டு சீட்டுதான்."

"ரெண்டு சீட்டா? அப்ப பேரன எங்க ஒக்கார வைக்கிறது?"

"பேரனுக்கு இல்ல. நீ ஒக்கார."

அவள் குரல் தாழ்ந்து வந்தது.

"ஏங்க... ஒடம்பு கிடம்பு சரியில்லையா? நெஞ்சு வலிக்குதா? மறைக்காதீங்க."

பார்த்தீர்களா? நான் ஒருத்தியை வா என்று கூப்பிட்டால், அதற்கு மாரடைப்பு ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். முப்பத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு பெயர் சம்பாதித்து வைத்திருக்கிறேன்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. வீட்லதான் இருக்க முடியல, புஷ்பா. நீ வந்துரு. அந்தப் பாரத்த அனுப்பாதீங்க."

சொல்லிவிட்டேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"நேத்தே அனுப்பியாச்சு," என்றாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் ஏன் வச்சிருக்கணும்னு மாப்பிள்ள அனுப்பிட்டாரு. நீங்கதான் என் இஷ்டம்னு சொல்லிட்டீங்களே."

"ஆமா."

"ஞாயித்துக்கெழமையே சொல்லியிருக்கலாம்ல."

"ஆமா."

பின்னால் பேரன் அழுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

பாலம் அன்று ரொம்ப நீளமாக இருந்தது. பை பக்கத்து சீட்டில் இருந்தது. என் பழைய கார் ஒரு சத்தமும் போடவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கண்டுகொள்ளாது. பாதிப் பாலத்தில் அழுதேன் என்று எழுதினால் மகள் படித்துவிடுவாள். எழுதிவிட்டேன், படிக்கட்டும்.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் தேங்காயை உடைத்தேன். பேரனுக்காக வாங்கிய தேங்காய். உடைக்கும்போது பேரனை நினைக்கவே இல்லை. பிள்ளையார் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஏழு மணிக்குப் போன் வரவில்லை. ஒரு வருஷம் நாலு மாதத்தில் முதல் தடவை. ஏழே காலுக்கு நானே கூப்பிடலாமா என்று போனை எடுத்து, வைத்து, எடுத்து... ஏழரைக்கு ஒரு மெசேஜ் வந்தது.

'அந்த காடி என்ன கலரு?'

'சிவப்பு' என்று அனுப்பினேன்.

அவள் படித்துவிட்டாள் என்று திரை காட்டியது. பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. சோற்றை அடுப்பில் மறந்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது.

'செவப்பு வேணாம்.'

வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. அந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது. அதையும் சாப்பிட்டேன்.

சாம்பல் நிறக் கார் கடைக்கு வந்து இறங்கிவிட்டதாம், சரோ போன் செய்தார். நாளைக் காலை பாலம் தாண்டிப் போகிறேன்.

இந்த முறை, கால்மிதியைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.